ஐந்து மாதப் பாப்பரசர்

ரோமாபுரியில் இராயப்பரின் ஆசனத்தில் வீற்றிருந்த பாப்பரசர்களின் சரித்திரத்தைப் படித்துக்கொண்டு வருபவருக்கு, அவ்வாசனத்தை அடைவதற்காகப் பொருளை வாரி இறைத்தவர்களையும், குலப்பகையை மூட்டிவிட்டவர்களையும், படைதிரட்டி வந்தவர்களையும் சந்தித்துச் சந்தித்து அலுத்துப்போன ஒரு கட்டத்தில், 1294-ஆம் ஆண்டு என்ற இடத்துக்கு வந்ததும் சற்றே நின்று மூச்சுவிடத் தோன்றும். தம்மைத் தேடி வந்த ஆசனத்தைத் தயக்கத்தோடு ஏற்று, ஐந்தே மாதங்களில் அதனைத் தாமாகவே துறந்து கீழே இறங்கிய ஒரு கிழவரை அங்கே காண்கிறோம். ஐந்தாம் செலஸ்தீன் என்பது அவர் பூண்ட பட்டப்பெயர். பியேத்ரோ என்பது இயற்பெயர். ‘நல்லவர், ஆயினும் ஒன்றும் அறியாதவர்’ என்று ஒரே வாக்கியத்தில் அவரைத் தள்ளிவிடுவது சரித்திர ஆசிரியர் பலருடைய வழக்கம். நல்லவர் என்பதில் எனக்குத் தடையில்லை. ஒன்றும் அறியாதவர் என்பதைத்தான் ஒப்புக்கொள்ள மனம் இடந்தரவில்லை.

அவர் கதை விளங்க வேண்டுமானால், பாப்பரசரைத் தேர்ந்தெடுக்கும் முறை அக்காலத்தில் எந்த நிலையில் இருந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஆதியில் ரோமாபுரியின் குருமாரும் ஜனங்களும் ஒன்றுகூடித் தங்கள் மேற்றிராணியாரைத் தெரிந்துகொண்டனர். நாளடைவில் சக்கரவர்த்திகளும் நகரப் பிரபுக்களும் அவ்விஷயத்தில் தலையிடலாயினர். அத்தலையீட்டை ஒழிக்கும் பொருட்டு, 1059-இல் இரண்டாம் நிக்கொலாஸ் தேர்தலின் தலைமைப் பொறுப்பைக் கர்தினால்மார்களிடம் ஒப்படைத்தார். 1179-இல் மூன்றாம் அலெக்சாண்டர் கூட்டிய லாத்தரன் சங்கமோ, கர்தினால்மார்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒருமித்தாலன்றி எந்தத் தேர்தலும் செல்லாது என்று விதித்தது. ஒரே சமயத்தில் இரண்டு பாப்பரசர்கள் தோன்றி ஒருவரையொருவர் சபிக்கும் அவலத்தைத் தடுக்க வந்த அந்த நல்ல விதி, தாமதம் என்னும் வேறொரு நோயைக் கூடவே கொண்டுவந்தது. கர்தினால்மார்களின் தொகை சிறியதாகவும், அவர்களுக்குள் கட்சி இரண்டாகவும் இருந்துவிட்டால், மூன்றில் இரண்டு பங்கு என்பது எட்டாக்கனியாயிற்று.

அந்நோயின் உச்சத்தை விதெர்போ என்னும் ஊர் கண்டது. நான்காம் கிளெமெந்து 1268 நவம்பரில் அவ்வூரில் காலமானார். அடுத்தவர் தெரிந்தெடுக்கப்பட்டது 1271 செப்டம்பரில். இடைப்பட்ட முப்பத்துமூன்று மாத காலத்தில் பொறுமையிழந்த ஊரார், கர்தினால்மார்களை அரண்மனைக்குள்ளே வைத்துப் பூட்டினர், உணவைக் குறைத்தனர், அதற்கும் அவர்கள் மசியாமற் போகவே, கூரையையும் பிரித்தெறிந்தனர். இதைக் கட்டுக்கதை என்று எண்ண வேண்டாம். கூரை நீக்கப்பட்ட அரண்மனையில் எழுதப்பட்டது என்று கர்தினால்மார்களே இடங்குறித்து 1270 ஜூனில் விடுத்த கடிதம் ஒன்று உண்டு. இவ்வளவு பாட்டுக்குப் பிறகு தேர்ந்தெடுக்கப்பட்ட பத்தாம் கிரகோரியார், அப்போது சிலுவைப் போர் வீரரோடு பாலஸ்தீனத்து ஆக்கர் பட்டணத்தில் இருந்தார். தமது தேர்தலின் அலங்கோலத்தை மறவாத அவர், 1274-இல் லியோன் நகரில் கூடிய சங்கத்தில் ஒரு கடுஞ்சட்டம் இயற்றினார். பாப்பரசர் இறந்தபின் பத்து நாள் காத்திருந்து, அவர் இறந்த ஊரிலேயே கர்தினால்மார்கள் ஒரே கூடத்தில் பூட்டப்பட வேண்டும். மூன்று நாளில் முடிவு காணாவிட்டால் வேளைக்கு ஒரு பதார்த்தமே பரிமாறப்படும். பின்னும் ஐந்து நாள் கடந்தால் அப்பமும் தண்ணீரும் திராட்சரசமுமே கதி. கர்தினால்மார்களுக்கு இந்தச் சட்டம் எவ்வளவு கசந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டே ஆண்டில், 1276-இல், அது நிறுத்திவைக்கப்பட்டது.

அதன் பலன் 1292-இல் தெரிந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் நான்காம் நிக்கொலாஸ் மறைந்தபோது இருந்த கர்தினால்மார் பன்னிருவர். ஒருவர் இடையில் இறந்துபோகப் பதினொருவர் ஆயினர். ஓர்சீனி, கொலோன்னா என்ற இரண்டு ரோமாபுரிக் குடும்பங்களின் தலைமுறைப் பகை அச்சிறு கூட்டத்தைப் பிளந்து வைத்திருந்தது. ரோமாபுரியில் கோடையும் காய்ச்சலும் வந்ததும் கலைந்தார்கள். பிறகு பெரூஜியாவில் கூடினார்கள். இருபத்தேழு மாதம் கழிந்தது. (இதில் நம்மவர்க்குச் சுவை தரும் செய்தி ஒன்று உண்டு. அந்த நான்காம் நிக்கொலாஸ் கீழ்த்திசை மன்னர்களிடம் தூதனுப்பிய மொந்தேகொர்வீனோ யோவான் என்ற சந்நியாசி, சீனாவுக்குச் செல்லும் வழியில், இந்தியாவில் அப்போஸ்தலர் தோமையாரின் ஆலயத்தருகே பதின்மூன்று மாதம் தங்கினார். அவ்விடம் நமது மயிலாப்பூரே என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அனுப்பியவர் மறைந்த செய்தியை அறியாமலே தூதர் பயணம் செய்துகொண்டிருக்க, அங்கே ஆசனம் காலியாகவே கிடந்தது.)

இந்த இழுபறியில் கர்தினால்மார்களைவிட அதிகம் தவித்தவர் நேப்பிள்ஸ் மன்னர் இரண்டாம் சார்லஸ். 1282-இல் சிசிலித் தீவு அவருடைய வம்சத்தாருக்கு எதிராகக் கலகம் செய்து ஆரகோன் அரசரிடம் போய்விட்டது. அதை மீட்பதற்கு அவர் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பாப்பரசரின் அங்கீகாரம் இன்றியமையாதது, பாப்பரசரோ இல்லை. மன்னர் தாமே பெரூஜியாவுக்கு வந்து கர்தினால்மார்களிடம் மன்றாடியும், வாதாடியும், அவருடைய காரியம் பலிக்கவில்லை.

1294 ஜூலை மாதத் தொடக்கத்தில், ஓர்சீனி கர்தினாலின் தம்பியொருவர் அகால மரணமடைந்த துக்கம் அவையோர் உள்ளத்தை இளக்கியிருந்த வேளையில், மூத்த கர்தினால் லத்தீனோ மலபிராங்கா எழுந்து, இனியும் தாமதித்தால் தேவகோபம் நம்மீது இறங்கும் என்று ஒரு புண்ணிய புருஷர் தமக்கு எச்சரித்திருப்பதாகக் கூறினார். “உம்முடைய அந்த மொரோனே மலைப் பியேத்ரோவா?” என்று சட்ட நிபுணராகிய கர்தினால் பெனெதெத்தோ கயெத்தானி புன்னகையோடு கேட்டாராம். ஆம் என்று கூறிய மலபிராங்கா, அத்தோடு நில்லாமல், அந்த மனிதரையே தாம் தேர்ந்தெடுப்பதாகவும் அறிவித்துவிட்டார். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் இணங்கினர். இருபத்தேழு மாதத்தில் முடியாதது அன்று, ஜூலை 5-ஆம் நாள், ஒரே அமர்வில் முடிந்தது.

யார் இந்தப் பியேத்ரோ? தென் இத்தாலியில் ஏழைக் குடியானவர் ஒருவருக்குப் பிறந்த பன்னிரண்டு குழந்தைகளில் இவர் பதினோராமவர். இளமையிலேயே துறவு பூண்டு, குகைகளிலே தனித்திருந்து, கடுமையான உபவாசங்களை அனுஷ்டித்தவர். சுல்மோனா நகருக்கு மேலே உயரும் மொரோனே மலையில் அவர் வாழ்ந்த பாறைச் சிற்றறையின் சன்னலருகே ஜனங்கள் வந்து நின்று ஆசி பெற்றுச் சென்றனர். இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால், உலகமறியாத தபசி என்ற சித்திரம் பூர்த்தியாகிவிடும். ஆனால், நிறுத்தக் கூடாது. அவரை அண்டிய சீடர்களைச் சேர்த்து ஆசீர்வாதப்பரின் துறவு விதிப்படி அவர் அமைத்த சபை, முப்பதுக்கும் மேற்பட்ட மடங்களாகப் பெருகியிருந்தது. லியோன் சங்கம் புதிய துறவற சபைகளை ஒழிக்கப்போகிறது என்ற வதந்தி எழுந்தபோது, அறுபது வயதைத் தாண்டியிருந்த இந்த மனிதர், குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலுள்ள லியோனுக்குக் கால்நடையாகவே சென்று, பத்தாம் கிரகோரியாரிடம் தம் சபைக்கு உறுதிச் சாசனம் பெற்றுத் திரும்பினார். நிலமும், உரிமையும், சாசனமும் இல்லாமல் மடங்கள் நிலைக்கமாட்டா என்பதை அவர் அறிந்திருந்தார். முத்திரையிட்ட ஏட்டின் பலத்தை உணர்ந்த ஒருவரை ஒன்றும் அறியாதவர் என்பது எப்படிப் பொருந்தும்?

தேர்தல் செய்தியை ஏந்திய மேற்றிராணிமார்களும் எழுத்தர்களும் மலையேறிச் சென்று, இரும்புக் கம்பியிட்ட சிறு சன்னலின் வழியாக, தவத்தால் மெலிந்து அழுத கண்களோடு நின்ற கிழவரைக் கண்டதாக, அக்காலத்திலேயே இவரைப் பற்றிச் செய்யுளாக எழுதிய ஸ்தெபனெஸ்கி என்பவர் வர்ணித்திருக்கிறார். வந்தவர்கள் முழந்தாளிட்டனர், அவரும் அவர்கள் முன் முழந்தாளிட்டார். ஏற்பதா மறுப்பதா என்று கலங்கிப் பிரார்த்தித்தபின் ஏற்றுக்கொண்டார். சார்லஸ் மன்னரும் அவர் மைந்தரும் விரைந்து வந்து கடிவாளம் பிடிக்க, கழுதையின்மீது அமர்ந்து அக்குயிலா நகருக்குள் புகுந்தார். பெரூஜியாவுக்கு வாருங்கள் என்று அழைத்த கர்தினால்மார்களை, நீங்கள் இங்கே வாருங்கள் என்று அழைத்தார். ஆகஸ்டு 29-ஆம் நாள், தாம் கட்டுவித்த கொல்லெமாஜ்ஜோ மாதா கோவிலில் முடிசூடிக்கொண்டார். அக்குயிலா பாப்பரசரின் நாட்டில் இல்லை, சார்லஸின் நாட்டில் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். இடறல் அங்கேதான் தொடங்கிற்று.

பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாப்பரசரின் ஆட்சி பிரார்த்தனையால் மாத்திரம் நடந்ததன்று. ஐரோப்பாவின் மூலைமுடுக்குகளிலிருந்தெல்லாம் வழக்குகளும், விண்ணப்பங்களும், மானியக் கோரிக்கைகளும் வந்து குவிந்தன. ஒவ்வொன்றுக்கும் விடை, பதனிட்ட தோலில் லத்தீனில் எழுதப்பட்டு, பதிவேட்டில் பதியப்பட்டு, ஈய முத்திரை கட்டப்பட்டு வெளியேறியது. முத்திரையின் ஒருபுறம் இராயப்பர், சின்னப்பர் ஆகிய இருவரின் முகங்கள். மறுபுறம் ஆளும் பாப்பரசரின் பெயர். வரமளிக்கும் சாசனமானால் முத்திரையைப் பட்டுக்கயிற்றிலும், கட்டளையானால் சணற்கயிற்றிலும் தொங்கவிடுவார்கள். இந்த யந்திரத்தை ஓட்டுவதற்குச் சட்டப் புலமையும், சந்தேகப்படும் சுபாவமும் வேண்டும். செலஸ்தீனுக்கு லத்தீன் போதாமையால் கர்தினால்மார் அவையே நாட்டு மொழியில் பேச நேர்ந்தது. கேட்டவர்க்கெல்லாம் இல்லையென்னாமல் கொடுத்தார். ஒரே மானியத்தைப் பலருக்குக் கொடுத்தார். எழுதப்படாத தோல் ஏடுகள் முத்திரையோடு வெளியே போய் விலையாயின என்றும் குறை எழுந்தது. செப்டம்பரில் அவர் நியமித்த பன்னிரண்டு புதிய கர்தினால்மார்களில் எழுவர் பிரெஞ்சுக்காரர். அதில் சார்லஸின் கை தெளிவாகத் தெரிந்தது. இருபதைக் கடந்த இளைஞரான அம்மன்னரின் மகனொருவருக்கு லியோன் நகரத்தின் பேராயர் பதவி கிடைத்தது. தம் சபையின் மீதிருந்த பாசத்தால், மொந்தே கஸ்ஸீனோ என்னும் புராதன மடத்துத் துறவிகளையும் தம் சபையாரின் சாம்பல் நிற உடைக்கு மாறுமாறு வற்புறுத்தினார். இவற்றுக்கெல்லாம் சமாதானம் சொல்லி மறைக்க நான் முற்படவில்லை. ஆட்சி என்ற அளவில் அது சீரழிவுதான்.

துறவி என்பதால் தோற்றார் என்று சொல்வதும் சரியன்று. ஏழு நூற்றாண்டுகளுக்கு முன், 590-இல், மடத்திலிருந்து இழுத்து வரப்பட்டு அதே ஆசனத்தில் இருத்தப்பட்ட முதலாம் கிரகோரியாரும் ஒரு துறவியே. பதவி வேண்டாமென்று சக்கரவர்த்திக்கு எழுதியவரே. ஆனால், அவர் மடம் புகுமுன் ரோமாபுரியின் நகராதிபதியாக இருந்தவர். சிசிலியில் திருச்சபையின் நிலங்களைக் கண்காணித்த ஒருவருக்கு அவர் எழுதிய கடிதமொன்றில், நீர் எனக்கு ஒரு மட்டமான குதிரையையும் ஐந்து நல்ல கழுதைகளையும் அனுப்பியிருக்கிறீர், குதிரை மட்டமானதால் அதில் ஏற முடியாது, கழுதைகள் நல்லவையானாலும் கழுதைகளாயிருப்பதால் ஏற முடியாது என்று குத்தலாகக் கேட்கிறார். பசித்த நகரத்துக்குத் தானியம் அனுப்ப வேண்டிய நிலங்களில் குதிரைக் கணக்குவரை பார்த்த கண் அது. செலஸ்தீனின் காலத்திலோ, அந்தக் கணக்கு ஒரு கண்ணுக்கு அடங்காத மலையாக வளர்ந்துவிட்டது.

அக்டோபரில் சார்லஸ் அவரை நேப்பிள்ஸுக்கே அழைத்துச்சென்று, புதிய கோட்டையில் குடியமர்த்தினார். அவ்வரண்மனையின் ஓரிடத்தில் பலகைகளால் ஒரு சிற்றறை கட்டச்செய்து, அதனுள்ளே புகுந்து செலஸ்தீன் பிரார்த்தித்தார். கிறிஸ்து பிறப்புக்கு முந்திய உபவாச காலம் நெருங்கியபோது, நிர்வாகத்தை மூன்று கர்தினால்மாரிடம் விட்டுவிட்டு முற்றிலும் ஒதுங்கியிருக்க விரும்பினார். திருச்சபைக்கு ஒரே நேரத்தில் மூன்று கணவர்களா என்று மத்தேயோ ரோஸ்ஸோ ஓர்சீனி ஆட்சேபித்தார். அந்த வழி அடைபட்டதும், பதவியையே விடலாமா என்ற கேள்வி அவருள் எழுந்தது. சட்டம் அறிந்த கயெத்தானியையும் வேறு சிலரையும் கலந்து ஆலோசித்தார். சேதி கசிந்தவுடன் நேப்பிள்ஸ் நகரத்தார் ஊர்வலமாக வந்து கோட்டை வாயிலில் நின்று, போக வேண்டாமென்று கதறினர். இரவில் சுவரின் குழாய்வழியே தேவதூதர் பேசுவதுபோலப் பேசிக் கயெத்தானிதான் கிழவரை ஏய்த்தார் என்ற கதை பிற்காலத்தில் வெகுவாகப் பரவிற்று. பகைவர் கட்டிய கதை என்பதை அதன் அழகே காட்டிக்கொடுக்கிறது.

டிசம்பர் 13-ஆம் நாள், பட்டாடையும் முடியும் மோதிரமுமாகக் கர்தினால்மார் அவைக்கு வந்த செலஸ்தீன், குறுக்கே பேச வேண்டாமென்று முன்கூட்டியே கட்டளையிட்டு, ஒரு ஏட்டை எடுத்து வாசித்தார். தாழ்மை, உடல் தளர்ச்சி, கல்விக் குறைவு, ஜனங்களின் துர்க்குணம், பழைய அமைதியின்மேல் ஏக்கம் ஆகிய காரணங்களால், தாம் சுயேச்சையாகப் பதவியைத் துறப்பதாக அதில் எழுதியிருந்தது. பாப்பரசர் தம் பதவியைத் துறக்கலாம் என்று உறுதிசெய்யும் சாசனமும் அதற்கென்றே பிறப்பிக்கப்பட்டது. பின்பு உள்ளே சென்று, சாம்பல் நிறத் துறவாடையோடு திரும்பி வந்து, ஆசனத்தின் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். அவையிலிருந்தோர் அழுதனர் என்று எழுதியிருக்கிறார்கள். அழுதவர்களில் எத்தனை பேருக்கு உள்ளூர ஆறுதலும் இருந்ததோ!

தாமதமின்றி, டிசம்பர் 24-இல், கயெத்தானியே எட்டாம் பொனிபாஸ் ஆனார். செலஸ்தீன் வாரியிறைத்த மானியங்களை ரத்துசெய்தார். விலகிய ஒருவர் உயிரோடு உலவினால், அவரே உண்மையான பாப்பரசர் என்று கட்சிகட்டச் சிலர் கிளம்புவர் என்ற அச்சம் அவருக்கு. அதனால் கிழவரைத் தம்முடன் ரோமாபுரிக்கு அழைத்துச்செல்ல முயன்றார். கிழவரோ வழியில் தப்பி, தமது மலைக்கு ஓடினார். அங்கும் ஆட்கள் வரவே, காடு மலை தாண்டிக் கிழக்குக் கடற்கரையை அடைந்து, கிரேக்க நாட்டுக்குக் கப்பலேறினார். எதிர்க்காற்று அவரை வியெஸ்தே கரையிலேயே கொண்டுவந்து தள்ளிற்று. பிடிபட்டு, அனாக்னிக்கு அருகே ஃபுமோனே என்னும் குன்றின்மேற் கோட்டையில் அடைக்கப்பட்டு, 1296 மே 19-இல் அங்கேயே காலமானார். கொலை என்ற பேச்சு எழுந்ததே தவிர, அதற்குச் சான்றில்லை. எண்பதைத் தாண்டிய முதியவருக்குச் சிறையே போதும். பொனிபாஸின் அச்சம் பொய்யன்று என்பதை 1297-இல் கொலோன்னா கர்தினால்மார் நிரூபித்தனர். செலஸ்தீனின் துறப்பு செல்லாது, ஆகவே பொனிபாஸ் பாப்பரசரே அல்லர் என்று அவர்கள் அறிக்கை விட்டனர். பொனிபாஸ் ஞானத்தில் குறைந்தவரல்லர்; அடக்கத்தில் குறைந்தவர். ரட்சண்யம் பெற விரும்பும் ஒவ்வொரு மனிதனும் ரோமாபுரிப் பாப்பரசருக்குக் கீழ்ப்பட்டிருக்க வேண்டும் என்று 1302-இல் சாசனம் செய்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சு அரசரின் ஆட்களும் ஷியாரா கொலோன்னாவும் அனாக்னியில் அவர் மாளிகைக்குள்ளேயே புகுந்து அவரைச் சிறைபிடித்தனர். ஊரார் மீட்டனரெனினும், ஒரே மாதத்தில் உயிர் துறந்தார்.

கவி தாந்தே தம் மகாகாவியத்தின் நரக காண்டத்தில், கோழைத்தனத்தால் ஒரு பெரும் பொறுப்பை உதறியவன் என்று பெயர் குறிப்பிடாமல் ஒருவனைக் காட்டுகிறார்; அது செலஸ்தீனே என்பது பழைய உரைகாரர் பலருடைய முடிவு. பொனிபாஸுக்கும், கதை நிகழும் காலக்கணக்கின்படி அவர் இறக்குமுன்பே, அதே நரகத்தில் ஓர் இடம் ஒதுக்கிவைத்தவர் தாந்தே. அவரை ஊரைவிட்டுத் துரத்திய அரசியலில் பொனிபாஸின் பங்கு சிறிதன்று. பொனிபாஸுக்கு வழிவிட்டவர் என்பதால் செலஸ்தீன்மீதும் கோபம் பாய்ந்திருக்கலாம். பின்வந்த பெத்ரார்க்கோ, ஏகாந்த வாழ்வைப் போற்றி எழுதிய நூலில், அதே செயலைச் சுதந்திர புருஷனின் செயலென்று கொண்டாடினார். என் மனம் பெத்ரார்க்கோவின் பக்கமே சாய்கிறது. ஆனால், காரணம் வேறு.

கோழை என்பவன் ஓடிப்போவான். செலஸ்தீன் ஓடவில்லை, வழக்கறிஞரைக் கலந்து, சட்டம் செய்து, சபையின்முன் வாசித்து, பிறகே இறங்கினார். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. பத்தாம் கிரகோரியாரின் பூட்டிய அறைத் தேர்தற் சட்டத்தை 1294 செப்டம்பரில் மீண்டும் உயிர்ப்பித்தவர் இவரே. எந்தத் தாமதத்தின் காரணமாகத் தம்மை மலையிலிருந்து இறக்கினார்களோ, அதன் வேரையே வெட்ட முனைந்தார். அவர் விலகிய பத்தாம் நாள் கர்தினால்மார் கூடி மறுநாளே பொனிபாஸைத் தேர்ந்தெடுத்ததும், 1303-இல் பொனிபாஸ் இறந்த பதினோராம் நாள் அடுத்தவர் வந்ததும் இச்சட்டத்தின் பலன். அதற்குப் பிறகு சட்டத்தை மீறி மாதக்கணக்கிலும், ஒருமுறை இரண்டாண்டுக்கு மேலும், ஆசனம் காலியாகக் கிடந்ததுண்டு. ஆயினும் விதி விதியாகவே நின்றது. தேர்தற் சட்டம், துறக்கும் உரிமை ஆகிய இரண்டையும் 1298-இல் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் சேர்த்தவர், அவரைச் சிறையில் வைத்த பொனிபாஸ்தான். 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பும், பாப்பரசர் சுயேச்சையாக விலகலாம், அதை எவரும் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்கிறது. பதினாறாம் பெனடிக்ட் 2013 பிப்ரவரியில் இறங்கியது அந்த வழியில்தான். அதற்கு நான்காண்டுகளுக்கு முன், நிலநடுக்கத்தால் சிதைந்த அக்குயிலாவுக்கு அவர் வந்தபோது, தமது கம்பளிப் பட்டிகையைச் செலஸ்தீனின் உடல்மேல் வைத்துச் சென்றிருந்தார்.

1313-இல் ஐந்தாம் கிளெமெந்து செலஸ்தீனைப் புனிதர் வரிசையில் சேர்த்தார். அவரைப் பொனிபாஸ் கொன்ற வேதசாட்சியாக அறிவிக்க வேண்டுமென்று பிரெஞ்சு அரசர் நெருக்கியும், கிளெமெந்து இணங்கவில்லை. பாப்பரசர் பெயரால் அழைக்காமல், பியேத்ரோ என்ற துறவிப் பெயராலேயே புனிதரென்றார். பின்னர் அவர் உடலை அவருடைய சீடர்கள் அக்குயிலாவுக்கே கொண்டுசேர்த்தனர்.

அவ்வூரார் அவரிடமிருந்து பெற்ற ஏடு ஒன்று எஞ்சியிருக்கிறது. ஸ்நாபக அருளப்பர் சிரச்சேதத் திருநாளை ஒட்டி, ஆகஸ்டு 28 மாலை முதல் 29 மாலை வரை, பாவசங்கீர்த்தனம் செய்து மனம் வருந்திக் கொல்லெமாஜ்ஜோ கோவிலுக்குள் நுழைவோர் அனைவருக்கும் பரிபூரணப் பலனைக் காசு பணமின்றி அளிக்கும் சாசனம் அது. பொனிபாஸ் 1300-இல் ரோமாபுரியில் நடத்திய ஜூபிலிக்கு ஆறாண்டு முந்தியது. பொனிபாஸ் அதனை ரத்துசெய்து, ஏட்டைத் திருப்பியனுப்பும்படி கட்டளையிட்டார். அக்குயிலா நகரத்தார் கொடுக்க மறுத்துவிட்டனர். இன்றும் ஆண்டுதோறும் ஆகஸ்டு 28-ஆம் நாள் அதை ஊர்வலமாக எடுத்துச்சென்று கோவில் வாசலில் வாசிக்கிறார்கள். ஏட்டைக் காப்பவர்கள் நகராட்சியினர், வாசிப்பவரும் நகரத் தலைவரே.